ரோட்டோரத்தில் ஒரு மம்பட்டி வேண்டும்

போன மாசி மாதம் குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக எங்கள் தெருவைத் தோண்டினார்கள். பொக்லைன் வந்து ஒரு மணி நேரத்தில் இடுப்பளவுக்குப் பள்ளம் எடுத்துவிட்டுப் போனது. புழுதிக்குப் பயந்து அக்கம்பக்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினேன். சாலை ஆய்வாளராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் வீட்டு வாசலில் ஓடும் ரோட்டின் வயிற்றை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மேல்மட்டத்திலிருந்து செம்மண் வரை 71 சென்டிமீட்டர். அதற்குள் ஆறு கறுப்புப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் ஒவ்வொரு முறை போட்ட தார். சில பட்டைகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஜல்லிப் படுகை. பழையதைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதியதைப் போட்டு, அதன் தலையில் இன்னொன்றைப் போட்டு உயர்ந்த தெரு இது. 1991இல் நாங்கள் வீடு கட்டியபோது மூன்று படி ஏறித்தான் திண்ணைக்குப் போவோம். இப்போது ரோடும் வாசற்படியும் ஒரே மட்டம். ஐப்பசி பிறந்தால் வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறோம்.

எல்லாவற்றுக்கும் அடியில், செம்மண்ணை ஒட்டி, ஒரு சாண் கனத்துக்குப் பழைய கப்பி கிடந்தது. ஒரு கல்லைப் பெயர்த்துக் கையில் வைத்துப் பார்த்தேன். கிரஷரில் அரைபட்ட ஜல்லி பட்டையாக, ஒரே அச்சாக இருக்கும். இது அப்படி இல்லை. ஆறேழு முகம், ஒவ்வொரு முகமும் ஒரு சுத்தியல் அடி. கையால் உடைத்த ஜல்லி. அந்தக் காலத்தில் எங்கள் ஊர் ரோடுகளுக்கெல்லாம் ஜல்லி போனது ஊருக்கு மேற்கே இருந்த ஒரே ஒரு கல்குவாரியிலிருந்துதான். அந்தக் குவாரியில் என் அம்மா 22 வருடம் கல் உடைத்தார்.

பனையோலைத் தட்டி நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். பழைய டயரை அறுத்துச் செய்த வளையத்தால் கல்லை அணைத்துப் பிடித்துக்கொண்டு சுத்தியலால் தட்டுவார். சில்லு தெறிக்கும் என்று கண்ணை இடுக்கியே வைத்திருந்து, வீட்டில் சோறு போடும்போதும் அப்படித்தான் பார்ப்பார். சாயங்காலம் மரச்சட்டத்தில் அளந்துதான் கூலி. ஒன்றரை இஞ்சு வளையத்தில் நுழையாத கல் இருந்தால் கங்காணி பொறுக்கித் திரும்ப வீசுவார். “இத்தனை சின்னதா எதுக்கும்மா உடைக்கணும்?” என்று ஒருநாள் கேட்டேன். “பெரிய கல்லு ரோட்டுல நிக்காதாம்டி, ஆடுமாம்” என்றார். யாரோ சொன்னதை அவர் என்னிடம் சொன்னார். சொல்லி வைத்தவர் யார் என்பது பாலிடெக்னிக் வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது.

ஜான் லௌடன் மெக்கடம் 1756இல் ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் பிறந்தவர். இளம் வயதில் நியூயார்க் போய் வியாபாரம் செய்து, 1783இல் ஊர் திரும்பினார். சாலைப் பைத்தியம் பிடித்து, கைக்காசைச் செலவழித்து ஊர் ஊராய் ரோடு பார்த்தார். 1816இல் பிரிஸ்டல் வட்டாரச் சுங்கச் சாலைகளின் கண்காணிப்பாளர் ஆனார். அவர் சொன்ன விஷயம் இவ்வளவுதான்: வண்டியின் பாரத்தைத் தாங்குவது கல் இல்லை, அடியில் இருக்கும் இயற்கை மண். அந்த மண் காய்ந்திருந்தால் எந்தப் பாரத்தையும் தாங்கும். நனைந்தால் எதையும் தாங்காது. ஆகவே மண்ணுக்கு மேல் நீர் புகாத ஒரு கூரை போடு. அதற்குப் பெயர்தான் ரோடு.

அந்தக் கூரைக்கு அவர் கேட்டது உடைத்த கல் மட்டும். ஒவ்வொன்றும் ஆறு அவுன்ஸுக்கு, அதாவது ஏறத்தாழ 170 கிராமுக்கு, மேல் போகக் கூடாது. மண் கலக்கவே கூடாது. மண் கலந்தால் அது நீரைக் குடிக்கும். முகம் முகமாக உடைந்த கற்கள் வண்டிச் சக்கரம் ஏற ஏற ஒன்றோடொன்று பல் கடித்தாற்போல் இறுகிக்கொள்ளும். மொத்தம் பத்து இஞ்சு கனம். சுற்றியுள்ள தரையைவிடச் சற்று உயர்த்தி, நடுவில் லேசாக முதுகு தூக்கி, இரண்டு பக்கமும் வாய்க்கால். மேற்பார்வையாளர்கள் கல்லை நிறுத்துப் பார்க்கத் தராசு கொண்டு போனார்கள். கல் சின்னதானதால் உட்கார்ந்தபடியே உடைக்க முடிந்தது. இங்கிலாந்திலும் பெண்களும் சிறுவர்களும் வயதானவர்களும் அந்த வேலைக்கு வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்த அதே உட்காரலைத்தான் ஒன்றரை நூற்றாண்டு கழித்து என் அம்மா உட்கார்ந்தார். அவருக்கு மெக்கடம் என்ற பெயர் கடைசிவரை தெரியாது.

கையால் ஜல்லி உடைத்த காலம் திரும்ப வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அம்மா 58 வயதில் இருமி இருமித்தான் போனார். கிரஷர் வந்தது நல்லது. தார்க் கலவையை விரிக்கும் பேவர் மெஷின் வந்தது நல்லது. ஆனால் இந்த மெஷின்களை வாங்கிய வேகத்தில் நாம் ஒன்றைக் கைவிட்டுவிட்டோம். அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன்.

1988இல் எனக்கு வேலை கிடைத்தது. முதலில் போன செக்‌ஷனில் கேங் மேஸ்திரியாக ஓர் அண்ணன் இருந்தார். ஐந்தாம் வகுப்பு படித்தவர். பத்து நாள் என்னுடைய டிப்ளமா படிப்பைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பதினோராவது நாள் சொன்னார்: “ரோட்டுக்கு எமன் லாரி இல்ல தங்கச்சி, தண்ணி. லாரி வந்துட்டுப் போயிரும். தண்ணி உக்காந்துக்கும்.”

ரோடு போடும் கலையின் கதை முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே படித்துவிடலாம் என்று பின்னால் புரிந்துகொண்டேன்.

ரோமானியர்கள் கி.மு. 312இல் அப்பியா சாலையைத் தொடங்கினார்கள். ரோமிலிருந்து கபுவா வரை முதலில். பிறகு இத்தாலியின் குதிகால் பக்கம் பிரிந்திசி துறைமுகம் வரை. அவர்கள் முறை, பாரத்தைப் பாரத்தால் எதிர்ப்பது. அகழ்ந்து, பெருங்கல் அடுக்கி, அதன்மேல் சிறுகல்லும் சுண்ணாம்பும், அதன்மேல் பெரிய கற்பலகைகள். சில இடங்களில் ஏறத்தாழ ஒரு மீட்டர் கனம். மண்ணில் படுக்கப் போட்ட மதில் என்றே சொல்லலாம். அப்படிக் கட்டியவர்களும் நடுவை உயர்த்தி ஓரத்தில் வாய்க்கால் எடுக்க மறக்கவில்லை. அப்பியா சாலையை 2024இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஆனால் அத்தனை கல்லுக்கும் அத்தனை அடிமைகளுக்கும் படைவீரர்களுக்கும் பிற்காலத்தில் யார் வழி செய்வது? ஐரோப்பாவின் சாலைகள் பல நூறு வருடம் சேறாகவே கிடந்தன.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் பார்வை இல்லாத ஒருவர். ஜான் மெட்காஃப், யார்க்‌ஷர்க்காரர். ஆறு வயதில் பெரியம்மையில் கண் போனது. வயலின் வாசித்தார், குதிரை வியாபாரம் செய்தார், வாடகை வண்டி ஓட்டினார். 1765 முதல் சுங்கச் சாலைகள் போடும் ஒப்பந்தம் எடுத்து, ஏறத்தாழ 180 மைல் போட்டார். நீளமான ஒரு கோலை ஊன்றி நடந்தே நிலத்தைப் படித்தார். சதுப்பில் ரோடு போக முடியாது என்று மற்றவர்கள் கைவிட்ட இடத்தில், புதர்ச் செடிகளை வெட்டிக் கட்டுக்கட்டாகக் கட்டி, நெருக்கமாகப் பரப்பி, அதன்மேல் கல்லும் சரளையும் போட்டார். ரோடு சதுப்பின் மேல் மிதந்தது. எங்கே தண்ணீர் நிற்கும் என்பதைக் காலடியில் உணர்ந்தவர் அவர். பார்வை உள்ள எத்தனையோ பேர் வெயில் காலத்தில் ஜீப்பிலிருந்து இறங்காமல் எஸ்டிமேட் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன்.

தாமஸ் டெல்ஃபோர்டு ஆட்டிடையர் மகன். கல்தச்சராகத் தொடங்கி, பிரிட்டிஷ் சிவில் பொறியாளர் சங்கத்துக்கு 1820இல் முதல் தலைவர் ஆனவர். லண்டனிலிருந்து வேல்ஸ் கடற்கரை ஹோலிஹெட் வரை அவர் போட்ட சாலையில், கையால் அடுக்கிய பெரிய கற்களை அடித்தளமாக வைத்து அதன்மேல் சிறு ஜல்லி போட்டார். அடித்தளக் கல்லே வேண்டாம் என்றார் மெக்கடம். டெல்ஃபோர்டு ரோடு உறுதியானது, செலவு கூடியது. மெக்கடம் ரோடு மலிவு, சீக்கிரம் முடிவது. உலகம் மலிவைத் தேர்ந்தெடுத்தது. தண்ணீர் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் சண்டை இல்லை.

இந்த இருவருக்கும் முன்னால் பிரான்சில் ஒருவர் இருந்தார். பியர் திரெசாகே. லிமோஜ் வட்டாரத்தின் தலைமைப் பொறியாளர். அந்தக் காலத்து பிரெஞ்சுச் சாலைகள் குடியானவர்களைக் கட்டாயமாகப் பிடித்து வந்து வருடத்துக்கு இரண்டு முறை வாங்கிய வெட்டி வேலையில் நின்றன. உழவு நேரத்தில் பிடித்து வந்தவன் எப்படி வேலை செய்வான்? குழியில் கல்லைக் கொட்டிவிட்டு ஓடுவான். அவன் திரும்பி வருவதற்குள் மழையும் வண்டியும் ரோட்டைத் தின்றுவிடும். அதற்கு ஈடுகட்டவே பதினெட்டு இஞ்சு கனத்தில் கல் கொட்டினார்கள். லிமோஜில் அப்போது ஆட்சியாளராக இருந்த தூர்கோ அந்தக் கட்டாய வேலையை நீக்கி, அதற்குப் பதில் வரி வாங்கிக் கூலி கொடுத்தார். கூலி கொடுத்து ஆள் வைக்க முடிந்ததால் திரெசாகே கனத்தைப் பத்து இஞ்சாகக் குறைத்தார். அடி மண்ணையே முதுகு போல வளைத்து, அதன்மேல் அதே வளைவில் கல்லை அடுக்கினார். உள்ளே இறங்கும் தண்ணீரும் ஓரத்துக்கு வழிந்துவிடும்.

1775இல் அவர் எழுதிய அறிக்கையின் சாரம் என் மேஸ்திரி அண்ணன் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மெல்லிய ரோடு போதும். ஆனால் அதைத் தினமும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். குறிப்பிட்ட நீளம், குறிப்பிட்ட ஆள், வருடம் முழுவதும். சின்னக் குழி விழுந்த அன்றே அடைக்க வேண்டும், வாய்க்கால் தூர்ந்த அன்றே அள்ள வேண்டும். அந்த ஆளுக்கு பிரெஞ்சில் காந்தோனியே என்று பெயர். 1811இல் நெப்போலியன் ஆட்சி ஓர் ஆணையின் மூலம் அந்தப் பதவியை நாடு முழுவதும் உறுதிப்படுத்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சுச் சாலைகளின் பெயருக்குப் பின்னால் நின்றது தோளில் மண்வெட்டி சுமந்த அந்த மனிதர்தான்.

ஆக, கனமும் கவனிப்பும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். கவனிப்பு குறைந்தால் கனத்தைக் கூட்ட வேண்டிவரும். எங்கள் தெருவின் ஆறு கறுப்புப் பட்டைகளுக்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான்.

மிச்சக் கதை வேகமாக நடந்தது. நீராவி ரோலர் வந்தது. ஆரம்பகால ரோலர்களில் ஒன்றை 1863இல் வடிவமைத்தவர்களில் ஒருவர் கல்கத்தா நகராட்சிப் பொறியாளர் கிளார்க் என்பது நமக்குச் சொந்தமான துணுக்கு. கார் வந்தது. மாட்டு வண்டியின் இரும்புப் பட்டை மெக்கடம் ரோட்டை இறுக்கியது. காற்றடைத்த ரப்பர் டயரோ கல்லுக்கு நடுவில் இருந்த தூளை உறிஞ்சிப் புழுதியாக இறைத்தது. புழுதியை அடக்கத்தான் தார் வந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷர் சாலைக் கண்காணிப்பாளர் ஹூலி, கொட்டிப்போன தார்மேல் இரும்பாலைக் கசடு கொட்டியிருந்த இடம் புழுதி இல்லாமல் கெட்டியாக இருப்பதைக் கண்டு, 1902இல் காப்புரிமை பெற்றார். அது நிலக்கரித் தார். இன்று நாம் தார் என்று சொல்வது பெட்ரோலியத்தின் கசடான பிட்டுமென். பெயர் மட்டும் தங்கிவிட்டது. இந்தியாவில் சாலை வளர்ச்சிக்காக 1927இல் ஜெயகர் குழு அமைந்தது. அதன் பரிந்துரையில் 1929இல் பெட்ரோல் வரியிலிருந்து சாலை நிதியும் 1934இல் இந்தியச் சாலைப் பேராயமும் வந்தன.

நம் பக்கத்துப் பெருமை ஒன்றையும் சொல்ல வேண்டும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கழிவு பிளாஸ்டிக்கை ரோட்டில் சேர்க்கும் முறையைக் கண்டார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். பலரும் அதைக் குப்பை ஒழிக்கும் வழியாகத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. சூடான ஜல்லியின் மேல் பொடியாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஒரு மெல்லிய தோலாகக் கல்லைப் போர்த்துகிறது. அதற்குப் பிறகுதான் தார். கல்லுக்கும் தாருக்கும் இடையில் தண்ணீர் புகுந்து இரண்டையும் பிரிப்பதை அந்தத் தோல் தடுக்கிறது. மெக்கடம் மண்ணுக்குப் போட்ட கூரையை வாசுதேவன் ஒவ்வொரு ஜல்லிக்கும் போட்டுக் கொடுத்தார். அந்த ரோட்டின் மேலும் தண்ணீர் தேங்கலாம் என்று அவர் சொல்லவில்லை.

தேங்கினால் என்ன ஆகும் என்று எங்கள் செக்‌ஷனின் 4/6ஐ வைத்துச் சொல்கிறேன். நாலாவது கிலோமீட்டர், ஆறாவது நூறு மீட்டர். எங்கள் தொழிலில் இடத்தை அப்படித்தான் சொல்வோம். ஒரு பக்கம் கண்மாய்க் கரை, மறுபக்கம் வயல். நான் சேர்ந்ததிலிருந்து வருடா வருடம் அதே இடத்தில் ரோடு உடையும். கார்த்திகையில் முதலைத் தோல் மாதிரி வெடிக்கும். மார்கழியில் துண்டு துண்டாகப் பெயரும். தையில் ஜல்லி கொட்டி பேட்ச் போடுவோம். நாலாவது வருடம் கனத்தைக் கூட்டி ஓர் எஸ்டிமேட் தயாரித்தேன். நல்ல எஸ்டிமேட், அடி மண்ணைச் சோதித்து, கணக்குப் போட்டு எழுதியது. மேஸ்திரி அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, “மழை பெய்யிறப்ப ஒருதரம் வா தங்கச்சி” என்றார்.

ஐப்பசியில் ஒருநாள் விடாத மழை. குடையோடு போனேன். அவர் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்றார். தார் நன்றாகத்தான் இருந்தது, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீர் ஒழுங்காக வழிந்தது. ஓரத்துக்கு வந்த தண்ணீர் அங்கேயே நின்றது. காரணம், பெர்ம். தார் முடியும் இடத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் உள்ள மண் ஓரத்தை நாங்கள் அப்படிச் சொல்வோம். வருடக்கணக்கில் புழுதி சேர்ந்து, புல் முளைத்து, புல் மேலும் மண்ணைப் பிடித்து, பெர்ம் தாரைவிட நாலு இஞ்சு உயர்ந்திருந்தது. ரோடு ஒரு நீளமான தொட்டியாக மாறியிருந்தது. கொஞ்ச தூரத்தில் இருந்த சிறு மதகின் வாயும் தூர்ந்து கிடந்தது.

தொட்டியில் நிற்கும் தண்ணீர் தார் ஓரத்து விரிசல் வழியாக இறங்கும். அடி மண் ஊறும். அந்த நேரம் ஒரு நெல் லாரி ஏறினால் ரோடு ஒரு நூலளவு அமுங்கும். அமுங்கும்போது உள்ளிருக்கும் தண்ணீர் மண் பொடியோடு வெளியே பீச்சும். லாரி போனதும் அந்தப் பொடி இருந்த இடம் பொந்து. ஆயிரம் லாரிக்குப் பிறகு தாருக்கு அடியில் ஒன்றுமே இல்லை. இதில் லாரியின் பங்கும் சின்னதல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டி நடத்திய பெரிய சோதனையில், அச்சின் பாரம் இரட்டித்தால் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்று கண்டார்கள். அதே சோதனையில், பனி உருகி அடி மண் ஊறிய வசந்த காலத்தில்தான் ரோடு வேகமாக உடைந்தது.

அண்ணன் மம்பட்டியை எடுத்தார். பத்து அடி தள்ளி ஒவ்வொன்றாக, பெர்மின் குறுக்கே, சாய்வாக, மம்பட்டி அகலத்துக்கு வாய் வெட்டினார். முதல் வாய் வெட்டியதும் தண்ணீர் கலங்கலாகக் கிளம்பி வாய்க்காலுக்குள் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாள் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு பெர்மை முழுக்கச் செதுக்கி மட்டமாக்கினார். மதகுக்குள் தவழ்ந்து போய் மண்ணை அள்ளினார். இரண்டு பேர், இரண்டு நாள் கூலி. என் எஸ்டிமேட்டை நான் கிழித்துப் போட்டேன். அடுத்த ஏழு வருடம், அண்ணன் ஓய்வு பெறும் வரை, ஒவ்வொரு புரட்டாசியிலும் அவர் அந்த ஓரத்தைச் செதுக்கினார். 4/6 உடையவில்லை.

அவருடைய இடத்துக்கு ஆள் வரவில்லை. அவரோடு இருந்தவர்களும் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். காலியிடம் காலியிடமாகவே நின்றது. தமிழ்நாட்டில் இந்தக் கதைக்குப் பெரிய அத்தியாயம் ஒன்று உண்டு. 1997இல் ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர்கள் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். 2002இல் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். நீதிமன்றம், போராட்டம், பட்டினி என்று 41 மாதம் அலைந்து 2006இல் திரும்ப எடுக்கப்பட்டார்கள். அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எந்த ஆட்சி சரி, எந்த ஆட்சி தவறு என்ற பேச்சுக்கு நான் போகவில்லை. ஒரு சாலையின் ஓரத்தை அறிந்த மனிதரை வேண்டாதவராக நினைக்க முடிந்த மனநிலைதான் என்னைத் தைக்கிறது.

இப்போது ரோடு போடுவதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கும். கலவை 150 டிகிரிக்கு மேல் சூட்டோடு வருகிறது. பேவர் ஒரே சீராக விரிக்கிறது. ஆறுவதற்குள் ரோலர் ஏறுகிறது. எங்கள் காலத்தில் டிரம்மில் தாரைக் காய்ச்சி, காலில் சாக்குச் சுற்றிக்கொண்டு, வாளியில் ஊற்றியவர்களின் கொப்புளங்கள் இன்று இல்லை. தாருக்கு ஏறத்தாழ இரண்டு சதவீதம் சாய்வு வேண்டும் என்ற விதியும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால் அந்த இரண்டு சதவீதம் தார் முடியும் கோட்டோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் ஓர் அடி மண் யாருடையது? போட்டவர் போய்விடுகிறார். கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ஒப்பந்தக்காரரே ஐந்து வருடம் பராமரிக்க வேண்டும் என்று இருக்கிறது; நல்ல ஏற்பாடு. ஆனால் பேட்ச் போட்டால் பில் எழுதலாம், படம் எடுக்கலாம். புரட்டாசியில் புல் செதுக்கியதற்கு என்ன படம் எடுப்பது? ஒன்றும் நடக்காமல் போனதுதான் அந்த வேலையின் பலன்.

நகரத் தெருக்களில் நிலைமை வேறு மாதிரிக் கெட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும், வீடுகள் பள்ளமாகக் கூடாது என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு உத்தரவிட்டார். பெரிய சாலைகளில் அந்தச் சுரண்டும் மெஷினைப் பார்க்கிறேன். எங்கள் தெரு போன்ற சந்துகளுக்கு அது வந்ததை நான் பார்க்கவில்லை. குழாய் பதித்த பள்ளத்தை மூடிய விதத்தையும் சொல்கிறேன்: தோண்டிய மண்ணை அப்படியே தள்ளி, மேலே ஒரு முறை பொக்லைன் சக்கரத்தை ஏற்றிவிட்டுப் போனார்கள். படுகை படுகையாகத் தண்ணீர் விட்டு இடிக்கச் சொன்னேன். அந்த வேலையைப் பார்த்த தம்பி மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: “அம்மா, எங்களுக்குக் கொழாய் மட்டுந்தான்.” ஆடியில் பெய்த இரண்டு மழைக்கே அந்தக் கோடு நீளத்துக்கும் ஒரு விரல் ஆழம் இறங்கிவிட்டது.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சாலைக்கும், ஊராட்சி ரோட்டிலிருந்து மாநில நெடுஞ்சாலை வரை, இத்தனை கிலோமீட்டருக்கு இன்னார் என்று ஓர் ஆளை நிரந்தரமாக வையுங்கள். அவர் பெயர் கிலோமீட்டர் கல்லில் இல்லாவிட்டாலும் அலுவலகப் பலகையில் இருக்கட்டும். பெர்ம் செதுக்குவதும் மதகு வாய் திறப்பதும் அவர் வேலை. அது முடிந்ததா என்று புரட்டாசி கடைசிக்குள் பொறியாளர் நடந்து போய்ப் பார்க்க வேண்டும், வண்டியில் போய் அல்ல. எந்த எஸ்டிமேட்டிலும் முதல் வரி தண்ணீர் எங்கே போகும் என்பதாக இருக்கட்டும். கனம் இரண்டாவது வரி. இதற்கு ஆகும் சம்பளத்தை ஒரு முறை மேலே போடும் தாரின் செலவோடு யாராவது வைத்துப் பார்க்கட்டும். திரெசாகே 1775இலேயே வைத்துப் பார்த்துவிட்டார்.

போன வாரம் பேருந்தில் 4/6 வழியாகப் போக வேண்டி வந்தது. இறங்கிவிட்டேன். கண்மாய்ப் பக்கத்து ஓரம் தாரைவிட அரை அடி உயர்ந்து கிடக்கிறது. அதில் நாயுருவியும் கோரையும் இடுப்பு உயரம். மதகின் வாயில் இளநீர்க் கூடும் பாலிதீன் பையும் அடைத்திருக்கின்றன. தார் புத்தம் புதிது. வெள்ளைக் கோடுகூட மங்கவில்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இளம் பொறியாளர், நல்ல பையன், நான் யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்று பேசியது குரலிலேயே தெரிந்தது. முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“புரியுது மேடம். ஆனா அந்த வேலைக்கு இந்த வருஷ எஸ்டிமேட்ல ஐட்டம் இல்ல.”

ஐப்பசி பிறக்க இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.